கம்பி இல்லாத வலை

பூம்புகார் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கண்ணகி, கோவலன், மாதவி, இந்திர விழா, காவிரி கடலில் கலக்கும் இடம்... சரிதானே! பள்ளிச் சுற்றுலா போனவர்கள் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் சுற்றிப் பார்த்திருப்பீர்கள்.

அடுத்த முறை போகும்போது, கலைக்கூடத்தோடு திரும்பிவிடாமல் மீனவர்கள் வாழும் தெருப் பக்கமும் போய்ப் பாருங்கள். வீட்டு நிழலில் யாராவது ஒரு தாத்தா வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கையில் நூல் சுற்றிய ஊசி இருக்கும். கிழிந்துபோன வலைக் கண்களை ஒவ்வொன்றாகப் பின்னிக்கொண்டிருப்பார். மீன் பிடிப்பது கடலில் நடக்கும் வேலை. அந்த வேலை நடக்க வேண்டுமானால் கரையில் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்!

அதே தெருவில் இன்னொரு வலையும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. செல்போன்கள் பேசுவதும், வீட்டு வைஃபையில் படம் ஓடுவதும், படகில் இருக்கும் வயர்லெஸ் செட் கரையோடு பேசுவதும் அந்த வலைகளில்தான். கம்பியில்லா வலையமைப்பு என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள்.

இந்த வலையும் கிழியும்! காற்று, மழை, மின்னல், உப்பு, கரண்ட் கட், வளர்ந்துவிட்ட தென்னை மரம், ஆன்டெனாவைப் பிடித்து ஆட்டும் குரங்கு... காரணங்கள் ஏராளம். கிழிந்தால் பின்னுவது யார்? அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதலில் என்னென்ன பழக வேண்டும்? அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம்.

கரையிலிருந்து சேதி

பழைய புகார் நகரத்தின் கடற்கரையில் கலங்கரை விளக்கம் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. யோசித்துப் பார்த்தால் அதுவும் கம்பியில்லாச் செய்திதான். "கரை இங்கே இருக்கிறது" என்ற ஒரே ஒரு செய்தி! மாலுமி பதில் சொல்ல முடியாது.

பதிலும் சொல்ல முடிகிற வலை ஒன்று, பூம்புகாருக்கு வடக்கே புதுச்சேரியில், 1998-ஆம் ஆண்டு உருவாகத் தொடங்கியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. அப்போது பல கிராமங்களில் தொலைபேசி இணைப்பே சரியாகக் கிடைக்காது. எனவே வில்லியனூரில் ஒரு நடு மையத்தை வைத்து, மற்ற ஊர்களோடு இருவழி ரேடியோ மூலம் தொடர்பு ஏற்படுத்தினார்கள். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்கச் சூரிய மின்தகடுகளைப் பொருத்தினார்கள். மையங்களை நடத்தியவர்கள் வெளியூர் இன்ஜினியர்கள் அல்ல. அந்தந்தக் கிராமத்துத் தன்னார்வலர்கள், அவர்களில் பலர் பெண்கள்.

வீராம்பட்டினம் என்ற மீனவ கிராமத்தில் இந்த மையம் செய்த வேலை சுவையானது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு வெளியாகும். அதை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கடற்கரை முழுவதும் கேட்கும்படி அறிவிப்பார்கள். எங்கோ இருக்கும் நாட்டின் கணினியில் பிறந்த தகவல், ஒரு மீனவர் வீட்டு வாசலில் தமிழ்க் குரலாகக் கேட்டது!

2004 டிசம்பர் 26. சுனாமி நாள். புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னார். தகவல் மையத்துக்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். மக்கள் ஓடித் தப்பினார்கள். பூம்புகார் அப்போது இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் அதே நாளில் 6,000-க்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். (பூம்புகார் இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.)

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது வேறு மாதிரியான சிக்கல். எச்சரிக்கை வந்தது. ஆனால் அதற்கு முன்பே கன்னியாகுமரி மீனவர்கள் பலர் ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். செல்போன் கோபுரத்தின் அலைகள் அவ்வளவு தூரம் எட்டாது. செய்தி கரையிலேயே நின்றுவிட்டது. பலர் திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு, 2019-இல், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் படகுக்கே அனுப்பும் 'ஜெமினி' என்ற கருவி வெளியிடப்பட்டது. அதிலும் செய்தியை வாங்கத்தான் முடியும், பதில் அனுப்ப முடியாது. நம் பழைய கலங்கரை விளக்கத்தைப் போலவே!

இப்போது புரிகிறதா? ஒரு வலை எதுவரை எட்டும், எங்கே அறுந்துபோகும் என்று தெரிந்த ஆள் ஊரில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

முதல் பாடம் கண்ணுக்கு

கம்பியில்லா வலை அமைக்கப் பழகுபவர்கள் முதலில் கணினியைத் தொடுவதில்லை. மொட்டை மாடிக்குப் போய், அடுத்த ஆன்டெனா இருக்கப்போகும் இடம் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். நீண்ட தூரத்துக்கு வைஃபை அலைகள் ஏறத்தாழ ஒளியைப் போல நேராகத்தான் போகும். பார்க்க முடிந்தால் பேச முடியும்.

"நம்ம ஊரில்தான் மலையே இல்லையே, எல்லாமே தெரியுமே" என்று டெல்டாப் பிள்ளைகள் சொல்வீர்கள். அங்கேதான் இருக்கிறது சிக்கல்! மலை இருந்தால் அதன் உச்சியில் ஆன்டெனாவை வைத்துவிடலாம். சமவெளியில் கோபுரம்தான் கட்ட வேண்டும். தென்னையும் பனையும் மூங்கிலும் வேறு குறுக்கே நிற்கும். இலைகளில் இருக்கும் தண்ணீர் அந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொரு ரகசியம். இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே நூல் பிடித்ததுபோல ஒல்லியான பாதை இருந்தால் போதாது. அலைகளுக்குத் தேவையான இடம் ஒரு நெல்மணியின் வடிவத்தில் இருக்கும். இரண்டு முனையிலும் கூர்மை, நடுவில் பருமன். ஆன்டெனாக்கள் 10 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், சாதாரண வைஃபை அலைக்கு அந்த நெல்மணியின் நடுப்பகுதி மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 18 மீட்டர் பருத்திருக்கும்! அதற்குள் மரங்கள் நன்றாகத் தலையை நீட்டிவிட்டால் செய்தி தடுமாறும். மரம் வளரும் அல்லவா? இந்த வருஷம் நன்றாக வேலை செய்த இணைப்பு மூன்று வருஷம் கழித்து மெல்ல மெல்ல மங்கிப்போகும். கருவியில் குற்றமே இருக்காது. எட்டிப் பார்த்தால் தென்னங்கீற்று சிரித்துக்கொண்டிருக்கும்.

நடவு நேரத்தில் தண்ணீர் கட்டிய வயலும் சும்மா இருக்காது. முகம் பார்க்கும் கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்பும். நேராக வந்த அலையும் வயலில் பட்டு வந்த அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அப்போது ஆன்டெனாவைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ வைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பியில்லா வலைக்குக் கம்பி எதற்கு?

பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் அடுத்து ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். கையில் கேபிளைக் கொடுப்பார்கள்! காற்றில் போகும் செய்தி, ஆன்டெனாவிலிருந்து கீழே கணினிக்குக் கம்பி வழியாகத்தானே வர வேண்டும்?

அந்தக் கேபிளுக்குள் எட்டுச் சின்னக் கம்பிகள் இருக்கும், இரண்டு இரண்டாக முறுக்கி. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இந்த வரிசையில் அடுக்கி, சமமாக வெட்டி, கண்ணாடி போன்ற சின்னப் பிளக்கில் நுழைத்து, இடுக்கி போன்ற கருவியால் அழுத்த வேண்டும். பூத் தொடுப்பதைப் போன்ற வேலை. முதல் நாள் பத்து பிளக்கையாவது வீணாக்காமல் யாரும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை! இந்தக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்பதும் விதி.

அப்புறம் ஒரு சின்ன தந்திரம், எனக்கு மிகவும் பிடித்தது. கேபிளை வீட்டுக்குள் நுழைப்பதற்கு முன் கொஞ்சம் கீழே தொங்கும்படி வளைத்துவிட வேண்டும். ஏன்? மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வழிந்து வரும். வளைவின் அடியில் வந்ததும் சொட்டிவிடும். வளைவு இல்லாவிட்டால் நேராக வீட்டுக்குள், அங்கிருந்து கருவிக்குள்! காசு செலவில்லாத காவல்காரன் அது.

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பை அரித்துத் தின்றுவிடும். பூம்புகார் போன்ற இடத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைப் போட வேண்டும். இணைப்புகளைத் தண்ணீர் புகாத டேப்பால் இறுக்கச் சுற்ற வேண்டும். மின்னல் விழுந்தால் மண்ணுக்குள் போகும்படி எர்த் கம்பி தர வேண்டும்.

கோடியில் ஒரு பங்கு

ஆன்டெனாவைக் கட்டியாயிற்று. இப்போது அதைக் குறி பார்க்க வேண்டும். குடை போன்ற ஆன்டெனா 5 டிகிரி தவறாகத் திரும்பியிருந்தால், 10 கிலோமீட்டர் தள்ளி அது பார்க்கும் இடம் கிட்டத்தட்ட 870 மீட்டர் விலகிப் போய்விடும். ஒருவர் மெல்லத் திருப்ப, இன்னொருவர் அலையின் பலத்தைப் படித்துச் சொல்வார்.

அந்த எண்கள் மைனஸில் இருக்கும். மைனஸ் 50, மைனஸ் 70 என்று வரும். எது நல்லது? கணக்கு வகுப்பில் தூங்காதவர்கள் சொல்லிவிடுவீர்கள், மைனஸ் 50-தான் பெரியது, அதுதான் பலமானது. பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். ஒவ்வொரு பத்தும் குறையக் குறைய, பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் மைனஸ் 70 என்பது ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கு! உங்கள் வீட்டு எல்.இ.டி. பல்பு 9 வாட், அதாவது 9,000 மில்லிவாட். கோடியில் ஒரு பங்கைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது, உங்கள் அப்பாவின் செல்போனுக்குள்ளேயே இருக்கிறது.

புதியவர்கள் அவசரப்படும் இடமும் இதுதான். திருப்பும்போது ஒரு இடத்தில் எண் ஏறும், "கிடைத்துவிட்டது" என்று போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். ஆன்டெனாவுக்கு நடுவில் ஒரு பெரிய பார்வையும், பக்கவாட்டில் சில ஓரப் பார்வைகளும் உண்டு. கிடைத்தது ஓரப் பார்வையாக இருக்கலாம். இன்னும் திருப்பி, எண் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால்?

வகுப்பில் ஆசிரியர் வெளியே போனதும் என்ன நடக்கும்? ஆளாளுக்குப் பேச, ஒருவர் சொல்வதும் இன்னொருவருக்குப் புரியாது. காற்றிலும் அப்படித்தான்.

இதற்கு வழி கண்டவர்கள் பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் இருந்தார்கள். 1971-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும், வெவ்வேறு தீவுகளை ரேடியோவால் இணைக்கும் 'அலோஹாநெட்' என்ற கணினி வலையை இயக்கினார்கள். அவர்கள் வைத்த விதி எளிமையானது. செய்தியை அனுப்பு. "வந்து சேர்ந்தது" என்ற பதில் வந்தால் சரி. வராவிட்டால் வேறு யாருடைய செய்தியோடோ மோதிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்பு. எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வொரு கருவியும் சீட்டுக் குலுக்குவது போலத் தானே முடிவு செய்யும். இல்லாவிட்டால் இரண்டும் மறுபடி ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளுமே! இன்றைய வைஃபையிலும் இந்த யோசனை உயிரோடு இருக்கிறது.

கூடவே இன்னொரு ஏற்பாடும் உண்டு. சாதாரண வைஃபையில் 1, 6, 11 என்ற மூன்று வழித்தடங்கள் ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்து வீட்டுக்காரர் 6-இல் இருந்தால் நாம் 11-க்குப் போய்விடலாம். வலை அமைப்பவர் முதலில் "இங்கே யார் யார் எதில் பேசுகிறார்கள்" என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இடம் தேர்ந்தெடுப்பார்.

தேனியில் கிடைத்த பாடம்

வலையைக் கட்டுவதைவிடக் காப்பாற்றுவது கடினம். இதை நன்றாகப் புரியவைத்தது நம் தமிழ்நாட்டுத் தேனி.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றியுள்ள ஊர்களில் சின்னக் கண் மையங்களை நடத்தியது. டாக்டர் தேனியில், நோயாளி கிராமத்தில். மையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதனை செய்வார். பிறகு நோயாளி கணினித் திரையில் டாக்டரோடு பேசுவார். பஸ் செலவில்லை, ஒரு நாள் கூலி போகாது. இதற்கான நீண்ட தூர வைஃபை வலையை அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2004-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குள் சில மீட்டருக்காகச் செய்த வைஃபையைப் பல கிலோமீட்டருக்கு நீட்டினால், "வந்து சேர்ந்தது" என்ற பதில் தாமதமாக வரும், கருவி பொறுமை இழந்துவிடும். எனவே இரு முனையும் முறை வைத்து மாறி மாறிப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள்.

தொழில்நுட்பம் ஜெயித்தது. ஆனால் வலை அடிக்கடி அறுந்தது. காரணம் என்னவென்று தேடினால், பெரும்பாலும் கரண்ட்! கிராமங்களில் மின்சாரத்தை அளந்து பார்த்தபோது, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சில நொடிகள் 500 வோல்ட்டையும் தாண்டித் துள்ளியது. சில நேரம் பாதிக்கும் கீழே படுத்துவிட்டது. பாவம், கருவிகள் என்ன செய்யும்? பேட்டரி, சூரிய மின்சாரம், மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவி எல்லாம் தேவைப்பட்டன. ஒவ்வொரு முறையும் கலிஃபோர்னியாவிலிருந்து ஆள் வர முடியுமா? மருத்துவமனை ஊழியர்களே பழுது பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அதற்கு அப்புறம்தான் அது உண்மையாகவே தேனியின் வலை ஆனது என்பேன்.

பழுது பார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் பிளக் மாட்டியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். விளக்கு எரிகிறதா? கேபிள் இறுக்கமாக இருக்கிறதா? அதற்கும் பிறகுதான் 'பிங்'.

பிங் என்பது ஒரு குட்டி மென்பொருள். "இருக்கிறாயா?" என்று மறுமுனைக்கு ஒரு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்லும். 1983 டிசம்பரில் அமெரிக்காவின் மைக் மூஸ் இதை எழுதினார். பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நீர்மூழ்கிக் கப்பல்கள் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அல்லவா, அந்த "பிங்" சத்தத்திலிருந்து! விசைப்படகில் மீன் கூட்டத்தைத் தேடும் கருவியும் அதே எதிரொலி முறையில்தான் வேலை செய்கிறது. கடலிலிருந்து கணினிக்குப் போன சொல் அது.

யார் கற்றுக்கொள்ளலாம்?

இன்ஜினியரிங் படித்தவர்கள் மட்டும்தானா? இல்லை. 2010-இல் டிஜிட்டல் எம்பவர்மென்ட் ஃபவுண்டேஷனும் இன்டர்நெட் சொசைட்டியும் சேர்ந்து கிராமங்களுக்கான கம்பியில்லா வலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி அதில் முக்கியமான ஊர். அங்கெல்லாம் உள்ளூர் இளைஞர்களுக்கே ஆன்டெனா கட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சி தந்தார்கள். அவர்களை 'வெறுங்கால் இன்ஜினியர்கள்' என்று அழைத்தார்கள். நம் ஊரிலும் சில ஐ.டி.ஐ.களில் கணினி வன்பொருளும் வலையமைப்புப் பராமரிப்பும் கற்றுத் தருகிறார்கள்.

வைஃபைக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நம் நாட்டில் 2005-லிருந்து சாதாரண வைஃபை அலைவரிசையை, குறிப்பிட்ட பலத்துக்குள், உரிமம் வாங்காமல் வெளியிடங்களிலும் பயன்படுத்தலாம். அதனால்தான் சின்ன ஊர்கூடத் தனக்கென்று வலை கட்டிக்கொள்ள முடிகிறது. ஆனால் ஒன்று, கோபுரத்திலோ மாடிக் கைப்பிடிச் சுவரிலோ ஏறும் வேலை பெரியவர்களுடையது. பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் அவர்களே ஏறக் கூடாது!

உங்களுக்குக் கீழே உட்கார்ந்து செய்ய ஒரு கணக்கு. பூமி உருண்டை என்பதால் கடலில் ரேடியோ அலை எட்டும் தூரத்துக்கு எல்லை உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். கிலோமீட்டர் கிடைக்கும். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால், 6 பெருக்கல் 4.1, அதாவது 24.6 கிலோமீட்டர். படகில் 4 மீட்டர் கம்பம் இருந்தால், 2 பெருக்கல் 4.1, அதாவது 8.2. இரண்டையும் கூட்டினால் 32.8 கிலோமீட்டர். பூம்புகார்க் கரையிலிருந்து 30 கிலோமீட்டரில் ஒரு படகு நிற்கிறது என்று வையுங்கள். கரையோடு பேசலாம்.

புயல் காற்றில் அந்தக் கம்பம் முறிந்து, ஆன்டெனா 1 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது. இப்போது படகு எத்தனை கிலோமீட்டர் கரையை நோக்கி வந்தால் மறுபடியும் பேச முடியும்? பென்சிலை எடுங்கள்!